கிட்டாரில் ‘பஸ்’ அடிக்கலாமா?

ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்றை மடியில் வைத்து, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளான ஃப்ரெட்டுகளில் முதலாவதில், தடித்த ஆறாவது கம்பியை அழுத்திப் பிடியுங்கள். அப்படியே குனிந்து, கம்பிக்கும் இரண்டாவது ஃப்ரெட்டின் தலைக்கும் நடுவே பாருங்கள். மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான் இடம். ஒழுங்காக அமைத்த கிட்டாரில் அது சுமார் 0.27 மில்லிமீட்டர். ஜெராக்ஸ் தாள் மூன்றை அடுக்கினால் அந்தச் சந்துக்குள் போகாது. அழுத்திய கம்பியை மீட்டும்போது அது அந்தச் சந்தை ஒட்டித்தான் ஆடியாக வேண்டும். கொஞ்சம் கூடுதலாக ஆடினால் ஃப்ரெட்டில் மோதி ‘ர்ர்ர்’ என்று உதறும். கிட்டார்காரர்கள் ‘பஸ் அடிக்குது’ என்று முகம் சுளிப்பது இதற்குத்தான்.

அந்த 0.27 வந்த வழி சுவாரசியமானது. கம்பி பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை ‘ஆக்ஷன்’ என்பார்கள். ஸ்டீல் கம்பிக் கிட்டாரில் ஆறாவது கம்பிக்கு 2.4 மி.மீ. என்பது பரவலாக வைக்கும் அளவு. பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதி. ஆகவே கம்பி உட்காரும் சேடிலில் அதன் உயரம் இரண்டு மடங்கு, 4.8 மி.மீ. ஃப்ரெட்டுகளை அடிக்கும் விதியோ இது: மிச்சமிருக்கும் நீளத்தில் 17.8இல் ஒரு பங்கைத் தள்ளி அடுத்த ஃப்ரெட். இரண்டையும் சேர்த்தால், கழுத்து நேராக இருக்கும்வரை, எந்த ஃப்ரெட்டில் அழுத்தினாலும் அடுத்த ஃப்ரெட்டுக்கு மேல் கிடைக்கும் இடம் 4.8இல் 17.8இல் ஒரு பங்குதான். முதல் ஃப்ரெட்டிலும் அதே 0.27, பத்தாவது ஃப்ரெட்டிலும் அதே 0.27. லூட் வாத்தியத்துக்கு ‘பதினெட்டில் ஒரு பங்கு’ என்ற இதே விதியை 1581இல் எழுதி வைத்தவர் வின்சென்சோ கலிலி, தொலைநோக்கி கலிலியோவின் அப்பா.

இவ்வளவு குறுகலான இடத்தில் கம்பி மோதாமல் ஆடுவதே பெரிய விஷயம். ஆகவே மோதும்போது என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பள்ளிப் பாடப் புத்தகத்தில் கம்பி நடுவில் வயிறு புடைத்து மேலும் கீழும் ஆடுவதாகப் படம் போட்டிருப்பார்கள். மீட்டிய கம்பி அப்படி ஆடுவதில்லை. விரல் இழுத்த இடத்தில் ஒரு மடிப்பு விழுகிறது. விட்டதும் அந்த மடிப்பு இரண்டாகப் பிரிந்து எதிரெதிர்த் திசையில் ஓடுகிறது, இரு கோடியிலும் மோதித் தலைகீழாகத் திரும்புகிறது. ஆறாவது கம்பி விநாடிக்கு 82 முறை அதிர்கிறது என்றால் பாதி அதிர்வுக்கு ஆகும் நேரம் 6 மில்லிவிநாடி. சேடிலிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில், அதாவது ஒலித்துளைப் பக்கமாக, கம்பியை 2 மி.மீ. மேலே தூக்கி விட்டோம் என்று வையுங்கள். 6 மில்லிவிநாடி கழித்து அதே மடிப்பு மறுகோடியில், கழுத்தின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில், 2 மி.மீ. கீழே வந்து நிற்கும். அந்த இடத்தில் இருப்பது நான்காவது ஃப்ரெட். அழுத்தாத கம்பி அங்கே ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும்தான் விலகி நிற்கிறது. அடி நிச்சயம்.

இப்போது அதே 2 மி.மீ.யைக் கீழ்நோக்கி, பலகையைப் பார்த்து அழுத்தி விடுங்கள். கணக்குப்படி நான்காவது ஃப்ரெட் பக்கம் கம்பி கீழே இறங்குவது அதிகபட்சம் அரை மில்லிமீட்டர். மோதல் இல்லை, ஒலியின் அளவும் குறையவில்லை. கிளாசிக்கல் கிட்டார் ஆசிரியர்கள் ‘கம்பியைக் கொக்கி போட்டுத் தூக்காதே, உள்ளே தள்ளி விடு’ என்று மாணவர்களை அதட்டுவதற்குப் பின்னால் இப்படி ஓர் இயற்பியல் இருக்கிறது. வேண்டுமென்றே தூக்கி அறைகிறவர்களும் உண்டு. ஹங்கேரி இசையமைப்பாளர் பேலா பார்ட்டோக் 1928இல் எழுதிய நான்காவது ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டில், கம்பியை மேலே இழுத்து விரற்பலகையில் படீரென்று அறையச் சொல்லிக் குறிப்பு போட்டிருக்கிறார். அந்த உத்திக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. புதிதாகக் கற்பவர் வாசிக்கிற கிட்டார் பஸ் அடித்தால் பாதி நேரம் குறை அவருடைய வலது கையில் இருக்கும், பழி கிட்டார் மேல் விழும்.

மோதியதும் இரண்டு விளைவுகள். கம்பியின் பெரிய ஆட்டம், அதாவது சுருதியின் அடிப்படை அதிர்வு, வெட்டப்படுகிறது. வெட்டுப்பட்ட ஆற்றலில் ஒரு பகுதி வீணாகிறது. இன்னொரு பகுதி உயர்ந்த மேற்சுரங்களுக்குப் போய்ச் சேர்கிறது. நம் காதுக்குக் கூர்மை அதிகமுள்ள எல்லை 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. மோதல் கிளப்பிவிடும் மேற்சுரங்கள் பெரும்பாலும் அங்கேதான் விழுகின்றன. அதனால் கடுகளவு ஆற்றல்கூடத் துருத்திக்கொண்டு கேட்கிறது. கம்பியின் வீச்சு தணிந்து சந்துக்குள் அடங்கியதும் மோதல் நின்றுவிடும். ஆரம்பத்தில் ஒரு உதறல், பிறகு தெளிந்த ஆனால் இளைத்த ஒலி. பஸ்ஸின் கையெழுத்து அதுதான்.

இன்னொரு விஷயம், வாசிப்பவர் காதுக்கு இது கூடுதலாகவே கேட்கும். கிட்டாரின் ஒலி கம்பியிலிருந்து பிரிட்ஜ் வழியாகப் பலகைக்குப் போய், முன்பக்கம் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துக் கிளம்புகிறது. ஃப்ரெட்டின் கிணுகிணுப்போ வாசிப்பவரின் முகத்துக்கு ஒன்றரை அடி தூரத்தில் நடக்கிறது. எதிர் நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்துக் கேட்கச் சொன்னால் பல ‘பஸ்’கள் அங்கே போய்ச் சேர்வதே இல்லை. ஒலிப்பதிவு அறையில் மட்டும் கதை வேறு. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு எதிரே மைக் வைப்பது பழக்கம். அது எதையும் விடாது.

அப்படியானால் கம்பியை உயர்த்திவிட்டால் தொல்லை தீர்ந்ததே? தீரும். கிளாசிக்கல் கிட்டாரில் நைலான் கம்பி இழுவிசை குறைந்தது, அகலமாக ஆடும். அதனால் ஆறாவது கம்பியை 4 மி.மீ. உயரத்தில் வைக்கிறார்கள். ஸ்டீல் கம்பியில் அந்த உயரத்தை வைத்தால் விரல் நுனி கிழியும். ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பாரே கார்டு பிடிக்கக் கை ஒத்துழைக்காது. அதைவிடக் கொடுமை, உயரத்திலிருந்து அழுத்தும்போது கம்பி நீண்டு சுருதி ஏறிவிடும். ட்யூனரில் பச்சை விளக்கு எரிந்த கிட்டார் கார்டு பிடித்ததும் பிசகும். ஆகவே ஆக்ஷன் என்பது பேரம். ஒரு பக்கம் விரலும் சுருதியும், மறுபக்கம் வீச்சுக்கு இடம். முரட்டுத்தனமாக ஸ்ட்ரம் செய்தாலும் ஒரு துளி பஸ் இல்லை என்று ஒருவர் பெருமைப்பட்டால், அந்தக் கிட்டாரின் கம்பி தேவைக்கு மேல் உயரத்தில் இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இதுவரை பஸ்ஸைப் பொறுத்துக்கொள்வதைப் பற்றிப் பேசினோம். அதை விரும்ப முடியுமா என்ற கேள்விக்குக் கிட்டாரை விட்டு வெளியே வர வேண்டும். கச்சேரி மேடையில் பாடகருக்குப் பின்னால் இருக்கிற தம்புராவின் ஒலி முழுக்க முழுக்க உதறலால் ஆனது. அகலமான குதிரையின் மேல் கம்பி லேசான வளைவில் படிந்து போகிறது. கம்பிக்குக் கீழே ஒரு நூலைச் செருகி, முன்னும் பின்னும் நகர்த்தி ‘ஜீவா’ பிடிக்கிறார்கள். நூல் மயிரிழை தள்ளிப்போனாலும் தம்புரா ஊமையாகிவிடும். நூலை எடுத்துவிட்டு வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வெறும் ‘டொங்’ யாருக்கும் வேண்டாம்.

இதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனவர் சி.வி. ராமன். ஒளிச்சிதறலில் இறங்குமுன் அவருடைய பல ஆண்டு உழைப்பு வயலின், வீணை, மிருதங்கம் என்று வாத்தியங்களின் மேல்தான் போயிற்று. கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் வெளியீட்டில் 1921இல் இந்தியத் தந்தி வாத்தியங்கள் பற்றி அவர் எழுதியது ஐந்தே பக்கம். அதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் தாமஸ் யங் ஒரு விதி சொல்லியிருந்தார்: கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தை அசையாப் புள்ளியாகக் கொண்ட மேற்சுரங்கள் எழவே எழா. சரிபாதியில் மீட்டினால் இரண்டாவது, நான்காவது, ஆறாவது மேற்சுரங்கள் காணாமல் போகும். சாதாரணக் கம்பிக்கு இது சரி. தம்புராவும் வீணையும் அந்த விதியை மீறுகின்றன, வரக்கூடாத மேற்சுரங்கள் அவற்றில் கணீரென்று வருகின்றன என்று ராமன் காட்டினார். காரணம் குதிரை. ஒவ்வொரு அதிர்விலும் கம்பி அந்த வளைவில் கொஞ்சம் படிந்து, கொஞ்சம் விலகி, கீழ்ச் சுரத்தின் ஆற்றலை இடைவிடாமல் மேற்சுரங்களுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கிறது.

ஃப்ரெட்டில் மோதும் கம்பியும் ஆற்றலை மேற்சுரங்களுக்குத்தானே மாற்றியது? ஒரே இயற்பியல், ஒன்றுக்குக் கைகூப்புகிறோம், இன்னொன்றை ரிப்பேருக்கு அனுப்புகிறோம். ரசனைப் பழக்கம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இயந்திர அமைப்பிலேயே வித்தியாசம் இருக்கிறது. தம்புராவில் கம்பி ஓய்வாக இருக்கும்போதே குதிரையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, இடைவெளி பூஜ்யம். மெல்ல மீட்டினாலும் உதறும், ஓங்கி மீட்டினாலும் உதறும், ஒலி அடங்கும்வரை உதறும். கிட்டாரிலோ கால் மில்லிமீட்டர் வாசற்படி இருக்கிறது. வீச்சு அதைத் தாண்டினால் சத்தம், தாண்டாவிட்டால் மௌனம். ஒரே பாட்டில் ஒரு சுரம் கரகரக்கிறது, அடுத்தது சுத்தமாக வருகிறது. காது அதை ஒலியின் குணமாக ஏற்காமல் விபத்தாகக் கணக்கு வைக்கிறது. தொடும் இடமும் வேறு. தம்புராவில் தொடுவது கம்பியின் கோடியில், அதன் அசைவு மிகச் சிறியதாக இருக்கும் இடத்தில், வழவழப்பான வளைவின் மேல். அடிப்படை அதிர்வு அதனால் சாகாது. ஃப்ரெட் என்பது கம்பியின் பாதை நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் உலோக விளிம்பு. ஆட்டம் பெரிதாக உள்ள இடத்தில் அடிக்கிறது, வேரையே வெட்டுகிறது.

உலகத்தில் உதறலை ஆசைப்பட்டு வைத்துக்கொண்ட தந்தி வாத்தியங்களைப் பார்த்தால் இது தற்செயல் இல்லை என்று தோன்றும். எத்தியோப்பியத் திருச்சபையினர் தவக்காலத்தில் வாசிக்கும் பத்துக் கம்பி பெகெனாவில் கம்பிக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே தோல் துண்டு. ஜப்பானிய ஷாமிசென்னில் தடித்த கம்பி மட்டும் மேல் நட்டில் உட்காராமல் கழுத்தின் மரவிளிம்பை உரசிப்போகும். மறுமலர்ச்சிக்கால ஐரோப்பாவின் ஹார்ப்பில் கம்பியின் அடிக்கோடியில் வளைந்த மர ஆப்பு தொட்டுக்கொண்டு கனைக்கும். எல்லாமே கோடியில்தான். சித்தாரில் இது தனிக் கைத்தொழில். குதிரையை அரம்போட்டுச் சீவுகிற விதத்தில் (இதை ‘ஜவாரி’ என்பார்கள்) ரவிசங்கரின் திறந்த ஜவாரி ஒரு ரகம், விலாயத் கானின் மூடிய ஜவாரி இன்னொரு ரகம். ஒரே வாத்தியம் இரண்டு குரலில் பேசும்.

ஃப்ரெட் உள்ள வாத்தியத்திலேயே உதறலை விரும்பியதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. இத்தாலியில் 1517 வாக்கில் வின்சென்சோ கபிரோலாவின் மாணவர் ஒருவர் எழுதி, ஓரமெல்லாம் விலங்கும் பறவையும் வரைந்து அலங்கரித்த லூட் சுவடி இப்போது சிகாகோ நியூபெரி நூலகத்தில் இருக்கிறது. ஃப்ரெட்டுகளைக் கம்பி கிட்டத்தட்டத் தொடும் அளவுக்கு நெருக்கமாகக் கட்டினால் வாத்தியம் ஹார்ப் போல ஒலித்து இன்னும் நன்றாக இருக்கும் என்று அதில் யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஹார்ப் என்றால் அன்றைக்குக் கனைக்கும் ஹார்ப்தான். நாம் இன்று காசு கொடுத்து நீக்குவதை அவர்கள் பக்குவம் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள்.

கிட்டார் குடும்பத்தில் இதை விரும்பி ஏற்றவர்கள் இரண்டு மூன்று பேட்டைக்காரர்கள். ஃபிளமென்கோவில் ஆக்ஷனைக் கிளாசிக்கலைவிட ஒரு மில்லிமீட்டராவது இறக்கி வைப்பார்கள். வேகமான அடிக்குக் கை ஒத்துழைக்க வேண்டும். அடித்தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு வந்தால் அந்த இசைக்கு அது உறுத்துவதில்லை. மிசிசிப்பி டெல்டாவின் சார்லி பாட்டன் 1929 முதல் பதிவு செய்த பாடல்களில் கம்பியைச் சுண்டி அறைவதே தாளம். அங்கே பஸ்ஸைச் சுத்தம் செய்தால் பாட்டில் பாதி போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஃப்ரெட்லெஸ் பேஸ் கிட்டார். ஃபென்டர் ஜாஸ் பேஸ் ஒன்றின் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, விரற்பலகைக்கு எபாக்ஸி பூசி வாசித்த ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1976இல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டபோது, பேஸ் கிட்டார் இப்படியும் பாடுமா என்று வாசிப்பவர்களே திகைத்தார்கள். அந்தப் பாடுகிற தன்மை உரசலிலிருந்து வருவது. விரலுக்கு அடுத்தாற்போல் கம்பி வழவழப்பான பலகையை நீளவாக்கில் தொட்டுத் தொட்டு விலகுகிறது. தொடுவது கோடியில், விளிம்பில்லாத பரப்பில், வாசற்படி ஏறக்குறைய இல்லாமல். தம்புராக் குதிரையின் அதே ஏற்பாடு. இங்கே குதிரையின் வேலையை விரற்பலகை பார்க்கிறது. பஸ் அடித்த ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி எறிந்த பிறகுதான் பஸ் இசையாகியிருக்கிறது.

ஆகவே அக்கூஸ்டிக் கிட்டாரில் என் தீர்ப்பு இப்படிப் போகும். ஓங்கி அடிக்கும்போது மட்டும், தடித்த கம்பிகளில், எல்லா ஃப்ரெட்டிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி லேசாகக் கரகரத்தால் கை வைக்காதீர்கள். எப்போது வரும் என்று கைக்குத் தெரிந்துவிட்ட கரகரப்பு வாசிப்பவரின் ஆயுதம். மெல்ல மீட்டும்போதும் வந்தால், அல்லது ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் வந்தால், அது பழுது. எங்கே பழுது என்பதை இடமே சொல்லிவிடும். அழுத்தாத கம்பி மட்டும் உதறினால் நட்டின் காடி ஆழமாகிவிட்டது. முதல் நான்கைந்து ஃப்ரெட்டில் மட்டும் என்றால் கழுத்து பின்னோக்கி வளைந்திருக்கலாம். கம்பி நடுவில் அகலமாக ஆடுவதால் கழுத்து 0.1 முதல் 0.25 மி.மீ. வரை லேசாகக் குழிந்திருக்க வேண்டும். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடைக் கால் திருகு தளர்த்தினால் சரியாகும். கிப்ஸன் நிறுவனத்தில் இருந்த தாடியஸ் மெக்ஹ்யூ 1923இல் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு அது. அதற்கு முன் கழுத்து வளைந்தால் வெப்பமேற்றி நிமிர்த்துவது போன்ற தொல்லையான வைத்தியங்கள்தான். ஒற்றை ஃப்ரெட்டில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் மேலெழும்பியிருக்கும். மூன்று ஃப்ரெட் மேல் ஒரு நேர்த்தகட்டை வைத்து ஆட்டிப்பார்த்தால் டக் டக்கென்று காட்டிக்கொடுக்கும்.

சுருதியை இறக்கி வாசிப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஆறாவது கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கினால் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. தளர்ந்த கம்பி அகலமாக ஆடும், நேற்றுவரை இல்லாத பஸ் இன்று வரும். கிட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் தடித்த கம்பி போட்டால் போதும்.

நம் ஊரில் இதையெல்லாம் மிஞ்சிய காரணம் ஈரம். கிட்டார் செய்பவர்கள் மரத்துக்குப் பரிந்துரைப்பது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம். கடலோரச் சென்னையில் பெரும்பாலான நாள் அது எழுபதைத் தாண்டும். மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத ஸ்ப்ரூஸ் மேற்பலகை ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது, பிரிட்ஜைத் தூக்குகிறது, ஆக்ஷன் ஏறுகிறது. விரல் வலிக்கிறதென்று சேடிலை அடியில் தேய்த்து இறக்குகிறோம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் குறைய ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். பிறகு அதே கிட்டாரை இரவு பகலாக ஏசி ஓடும் அறையில் வைக்கிறோம். மரம் காய்ந்து பலகை அமர்கிறது, கம்பி கூடவே இறங்குகிறது, கிட்டார் முழுக்கப் பஸ் அடிக்கிறது. இந்தச் சந்தர்ப்பத்தில் உடனே ட்ரஸ் ராடைத் திருகவோ ஃப்ரெட்டை அரமெடுத்துத் தேய்க்கவோ கூடாது. அரமெடுத்த ஃப்ரெட்டை யாரும் திரும்ப வளர்த்துத் தர மாட்டார்கள். கிட்டாரை ஈரப்பதம் சீராக உள்ள இடத்தில், பெட்டியை மூடி, ஒரு வாரம் வைத்துவிட்டு மறுபடி மீட்டிப் பாருங்கள். அப்போதும் மெல்லிய மீட்டலுக்கே உதறினால், தேய்த்த சேடிலைக் கழற்றி எறிந்துவிட்டு, உயரமான எலும்பு சேடில் ஒன்றைப் போட்டுவிடுவதுதான் செலவு குறைந்த வழி.